வீசைக் கணக்கு

ஏனாஞ்சாங் என்றால் நாறும் ஓடை.
சொன்னவள் மா ந்வே யீ, பரம்பரைக் கிணற்றுக்காரி.
சொல்லும்போது மூக்கைச் சுளிக்கவில்லை.

ஐராவதியை விட்டு மேடேறினால்
நிழல் இல்லை. கள்ளிகூடக் கறுத்திருக்கும்.
மரச்சட்டம் அடுக்கிய கிணற்று வாய்கள்
பல்லுப்போன கிழவர்கள் போல
வானத்தைப் பார்த்துத் திறந்தபடி.

அருளாந்து, கம்பெனி அளவுக் கணக்கன்.
குடத்தை நிறுப்பேன், எழுதுவேன், அவ்வளவுதான்.
துரையின் ரசீதில் 'விஸ்' என்று அச்சு.
நம் ஊர் வீசைதான் அது.
கப்பலேறி வந்து கோட் மாட்டிக்கொண்டது,
என்னைப் போல.

தோண்ட இறங்குகிறவன் கோ தா ஆங்.
இறங்குமுன் வெகுநேரம்
கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு
கிணற்றோரம் சும்மா உட்கார்ந்திருப்பான்.
வெயிலை மறந்த கண்ணோடு போனால்தான்
அடியில் மண் தெரியுமாம்.
விளக்கு எடுத்துப் போகலாமே என்றேன்,
வந்த புதிதில்.
கயிறு இழுக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பு
ஆறு வரைக்கும் கேட்டிருக்கும்.
விளக்குக்கு எண்ணெய் எடுக்கிற இடத்தில்
விளக்குக்கு இடமில்லை.

நூற்றெண்பது முழம்.
கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு
பெண்கள் சரிவில் இறங்கி ஓடினால்
ஆள் மேலே வருவான்.
என்னிடம் கடிகாரம் இல்லை.
மூன்று அருள் நிறைந்த மரியே,
அதற்குள் கயிறு ஆட வேண்டும்.
உள்ளே இருப்பது காற்றில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
மூன்று முடிந்தது.
நாலாவதில் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக"
என்று வந்தபோது
மா ந்வே யீ கையை உயர்த்தினாள்.
பெண்கள் ஓடினார்கள்.
வாயோரம் நீலம். கால் தரையில் நிற்கவில்லை.
கள் குடித்தவனாட்டம் உளறினான், பாடினான்,
என்னைத் தன் மச்சான் என்றான்.
பிறகு வாந்தி. பிறகு வெற்றிலை கேட்டான்.

அன்றைய பேரேட்டில் நான்கு வீசை கூடுதல்.
ஜெபத்தையும் எண்ணெயோடு கூட்டிவிட்டேன்.
அபராதம் எட்டணா.

குன்றுக்கு அந்தப்புறம்
அமெரிக்காக்காரன் கோபுரம் கட்டினான்.
நீராவி மூச்சு விட, இரும்பு உளி
ராப்பகலாய் பூமியைக் குத்தியது.
ஆயிரம் அடி என்றார்கள். கண் கட்ட ஆள் வேண்டாம்.
மழைக்கு முன்னால்
மா ந்வே யீயின் கிணற்றில் குடம் அரைதான் நிறைந்தது.
காகிதத்தை நான்தான் கொண்டுபோனேன்.
படித்துச் சொல் என்றாள்.
படித்தேன். எனக்கே பாதிதான் புரிந்தது.
கட்டைவிரலை அவள்
மைக்கூட்டில் வைக்கவில்லை,
குடத்தின் விளிம்பில் துடைத்து வைத்தாள்.
அந்தக் கறை இன்னும் காயவில்லை என்று கேள்வி.

எனக்கு சிரியத்துக்கு மாற்றல்.
இங்கே கொதிகலன்கள், புகைபோக்கிகள்.
முதலில் ஆவியாகி வருவதைக் கேட்பாரில்லை.
ஆற்றங்கரைக் குழியில் எரிக்கிறார்கள்,
அந்த ராத்திரிகளில் காக்கைகள் தூங்குவதில்லை.
அடுத்து வருவதுதான் காசு.
தண்ணீர் மாதிரித் தெளிவு.
ஏனாஞ்சாங்கின் பச்சைக் கறுப்பு
எந்தக் குழாய் வளைவில் தொலைந்ததோ.
கடைசியில் மெழுகு.
தகரக் கொட்டகையில் தெலுங்கரும் நம்மவரும்
டின்னுக்கு ஈயம் பற்றவைக்கிறார்கள்.
மூடி விழுந்ததும்
நாற்றமும் உள்ளே, ஊர்ப்பெயரும் உள்ளே.

மணப்பாட்டிலிருந்து அக்காள் கடிதம்:
"வீட்டுக்குச் சீமையெண்ணெய் விளக்கு வாங்கியாச்சு.
சீமைச் சரக்கு சீமைச் சரக்குதான் தம்பி,
என்ன வெளிச்சம்!"

பதில் எழுத உட்கார்ந்தேன்.
சீமையும் இல்லை கீமையும் இல்லை அக்கா,
அது கோ தா ஆங் என்று தொடங்கி
அடித்தேன்.
மண்ணெண்ணெய் என்று ஒரு பேர் இருக்கே,
அதைச் சொல்லேன் என்று எழுதி
அதையும் அடித்தேன்.

கடைசியில் போன கடிதத்தில் இவ்வளவுதான்:
திரியை அதிகம் ஏற்றாதே, கண்ணாடி கறுக்கும்.
படுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை.
அங்கே போத்தல்
என்ன விலைக்குக் கொடுக்கிறான்?