ஒன்பது டிகிரி

பெட்டிக்கு ஒன்று அறுக்க வேண்டும்.
அதுதான் என் வேலை.
எட்னா புகைகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று
குறுக்கே ஒரு வெட்டு,
உள்ளே பார்த்து ஒரு எண்.

நேற்று நாற்பது பெட்டி. நாற்பதும் மஞ்சள்.
ஒன்றில் மட்டும்
சவரத்தில் கீறிக்கொண்டதுபோல்
ஒரு கோடு.

ஜனவரியில் ஊரே வெறும் சட்டையோடு திரிகிறது.
காப்பிக்கடை நாற்காலிகள் தெருவுக்கு வந்துவிட்டன.
என்ன வெயில், என்ன வெயில் என்று
எல்லா முகமும் மலர்கிறது,
முதலாளி அல்ஃபியோவின் முகம் தவிர.
நடுராத்திரி எழுந்துபோய்
தோட்டத்து வெப்பமானியில் டார்ச் அடிக்கிறார்,
காய்ச்சல் இறங்கியதா என்று
பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல்.

கத்தானியாவிலிருந்து இலை பறிக்க வரும் ஒர்ஸோலா
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி சொன்னாள்:
சிவப்புக்கான மரபணு
சாதா ஆரஞ்சிலும் இருக்கிறது. தூங்குகிறது.
இந்த மரத்தில் மட்டும், எப்போதோ,
உயிரணுவுக்குள்ளேயே இடம் மாறி இடம் மாறி
அலைந்த ஒரு துணுக்கு
அதன் வாசலில் பாயை விரித்துவிட்டது.
குளிர் வந்தால் துணுக்கு விழிக்கும்.
விழித்தால் வீட்டுக்காரனையும் எழுப்பிவிடும்.
அவ்வளவுதான் உங்கள் ரத்தச் சிவப்பு.

வாடகை கொடுக்கிறதா என்று கேட்டேன்.
சிரித்தாள்.
இலையைக் குப்பியில் போட்டுத் திருகி மூடினாள்.

ஏணி மேலிருந்த எப்ரிமா சிரிக்கவில்லை.
காம்பியாக்காரன்.
போன வருஷம், உறைபனிக்கு ஒரு முழம் முந்திய விடியலில்,
விரல் மடங்காமல்
கத்தரியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கியவன்.
அந்த வருஷம்தான் பழம் நாவல் நிறத்துக்குப் போனது.
பெட்டிக்கு நான்கு யூரோ கூட.
கூலி அதே.
இந்த வருஷம் அவன் கையுறையைத் தேடவே இல்லை.

மஞ்சளைக் குளிர்கிடங்கில் அடுக்கினோம்.
ஒன்பது டிகிரி.
மரத்தை விட்டு வந்த பிறகும்
பழத்துக்குக் காது கேட்குமாம்.
இயந்திரம் இரவெல்லாம் உறுமியது;
மின்கட்டணச் சீட்டை
அல்ஃபியோ பிரிக்காமலே மடித்து வைத்தார்.

முப்பதாம் நாள்.
கதவைத் திறந்து, புகை மூச்சோடு,
முதல் பழத்தை நான்தான் அறுத்தேன்.
நடுவை விட்டுவிட்டு
தோலோரமாய்,
யாரும் பார்க்காதபோது வந்து உட்கார்ந்ததுபோல்
சிவப்பு.

அல்ஃபியோ சிலுவை போட்டுக்கொண்டார்.
எப்ரிமா உள்ளே வரவில்லை.
பாதியை அவனிடம் நீட்டினேன்.
வெயிலில் நின்று தின்றான்,
கொட்டையே இல்லாத பழத்தில்
கொட்டையைத் தேடுகிறவன்போல் மென்று மென்று.
நிறம் வந்திருக்கிறது, என்றான்.
சப்பென்று இருக்கிறது.

நானும் தின்று பார்த்தேன். சப்பென்றுதான் இருந்தது.
தாளில் ஆறு என்று எழுதினேன்.
நிறத்துக்கு மட்டும்தான் அதில் கட்டம்.
அடுத்த பெட்டியை இழுத்தேன்.