வெள்ளைக்கல் தூசி

ஏற்காட்டில் அது நீலமாகப் பூத்தது.
நாகலூர் ஆஸ்பத்திரி ஜன்னலோரம்
மாத்திரை எண்ணும் கைக்கு எட்டுகிற தூரத்தில்
ஒவ்வொரு கொத்தும் பச்சைப்பிள்ளைத் தலை அளவு
ஹைட்ராஞ்சியா.

மாற்றல் வந்ததும் ஒரு பதியனை
ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்து இறக்கினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் வெயில் ஒரு சுற்று ஏறியது.

கருப்பூரில், துவைகல்லுக்கு வடக்கே
பத்து மணிக்கெல்லாம் நிழல் விழும் இடம்.
காலையில் ஒரு குடம், அந்திக்கு ஒரு குடம்,
இடையில் அரிசி களைந்த நீர்.

மார்கழியில் இலை மொத்தமும் கொட்டி
குடைக்கம்பியாய் நின்றது.
"செத்துப்போச்சு" என்றார் துரைக்கண்ணு.
நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினேன்.
உள்ளே பச்சை.
"அப்பச் சரி."
ஆனாலும் எனக்கு நைட் டூட்டி இருந்த மறுநாள்
ஒரு பக்கம் மொட்டை.
அழகுக்காம்.
அடுத்த பூ பழைய கம்பில்தான் தூங்கும் என்று
கல்யாணமான இத்தனை வருஷத்தில்
நான்தான் சொல்லவில்லை.

வெட்டின பக்கம் வெறும் இலை.
வெட்டாத பக்கம் வைகாசியில் மூன்று கொத்து.
ரோஸ்.

தெருவில் சுரங்கத்து லாரிகள்.
வெள்ளைக்கல் தூசி கொடித்துணியில்,
குடத்து மூடியில், வேரிலும் இருக்கும்.
மேலே பாக்சைட் மண் ஊட்டிய நீலம்
இங்கே செல்லாது.

படிகாரம் கரைத்து ஊற்று, நீலம் திரும்பும்
என்றாள் நர்சரிக்காரி.
கால் கிலோ வாங்கிவந்து
மாடத்தில் வைத்தேன்.

முகம் மழித்ததும்
துரைக்கண்ணு அதைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்கிறார்.
கட்டி சிறுத்துக்கொண்டே வருகிறது.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.