வலம் போகிறவள்

பன்குளம் தாண்டிக் காரை நிறுத்தினபோது
செபநேசன் கதையை முடிக்கவில்லை.
நானும் விடவில்லை.
பலகையில் ஒரு வட்டம் கீறியிருந்தது,
ஆறரைக் கிலோமீற்றர்.
எந்தப் பக்கத்தால் தொடங்குவதென்ற அம்புக்குறியைக்
கறையான் தின்றிருந்தது.

காவலர் நிசாம்தீன் கொப்பியில்
எங்கள் பேரை ஒரே வரியில் எழுதினார்.
நேரம் ஆறு இருபது.
எனக்குக் கோயில் வீதியில் பழகின கால்.
வலம் வருவதென்றால்
முதலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
பதினெட்டு வருசமாய் அந்த மெதடிஸ்டுக்கு
இது விளங்கினதே இல்லை.
வலப்பக்கம் போனான்.

"ரெண்டு பேரும் ரெண்டு பக்கமோ?"
பிறகு தனக்குச் சொல்வதுபோல நிசாம்தீன்:
"யானை ஒண்டுதான்.
எங்க நிக்கிறனெண்டு அது எழுதிப்போட்டுப் போகேல்ல."

கச்சான் காற்று உச்சியிலேயே நின்றுவிட்டது.
உள்ளே ஓரிலை அசையவில்லை.
வீரை மரம் தன் உடம்பில் தானே ஓட்டை விட்டு
அதற்குள் தானே நுழைந்து வளர்ந்திருந்தது.
ஒரு மேடு ஏறி இறங்கின பிறகுதான் பிடிபட்டது,
குளக்கட்டு.
தண்ணீர் போய் எத்தனை அரசர் போனார்களோ,
குளத்தின் வயிறு நிறைய முதிரை நின்றது.

மண்டையோட்டுப் பலகையொன்றைப்
புற்று கழுத்துவரை விழுங்கியிருந்தது.
பக்கத்தில் வெள்ளை முளைகள்:
துப்புரவாக்கியாயிற்று, பயமில்லை.
என்றாலும் பாதையின் நடுவைப் பிடித்து
ஒரு கோட்டில் நடந்தேன்.
நான் அந்த வயதுக்காரி.

இரண்டாம் கிலோமீற்றரில்
காரில் சொல்லியிருக்க வேண்டிய வசனம்
முழுசாய் வந்து வாயில் நின்றது.
கேட்க ஒரு மந்திதான் இருந்தது.
அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டது.

பாதி வழியில் ஒரு பாலை.
எட்டுப் பேர் கைகோத்தாலும் எட்டாத அடி.
வேரில் குந்தியிருந்தான்,
தொப்பி நிறையப் பழம்.
நான் தொடங்கினேன், அவன் உதட்டைக் காட்டினான்.
பாலைப்பால் பிடித்து ஒட்டியிருந்தது.
தொப்பியை நீட்டினான்.
பசி. பதினைந்து பழத்தில்
என் வாயும் ஒட்டிக்கொண்டது.

பிறகு கையால் கதைத்தோம்.
யானைப் பிண்டம், சூடு ஆறவில்லை, என்று நான்.
கரடி நகம் கீறின மரம் என்று அவன்,
என் முழங்கையிலேயே கீறிக் காட்டி.
கூடத் திரும்பி வாவென்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
அவன் நான் வந்த பாதிக்குள் போனான்.

அவன் வந்த பாதியில்
ஈச்சம் முள் கிளையொன்று
பாதையை விட்டு இழுத்துப் போடப்பட்டிருந்தது.
இழுத்த தடம் புதுசு.
குளவிக்கூடு தொங்கின கொப்புக்குப் பத்தடி முன்னால்,
ஆள் உயரத்தில்,
நீலக் கட்டம்போட்ட அவனுடைய லேஞ்சி.
இந்தப் பக்கத்தால்தான் நான் வருவேனென்று
அவ்வளவு கோபத்திலும் கணக்கு வைத்திருந்திருக்கிறான்.

என் பாதியில்
நான் ஒன்றும் விட்டுவைக்கவில்லை.
பிண்டத்தைச் சொன்னேன்தான்.
அந்த இடத்தைச் சொன்னேனா?

வாசலில் நிசாம்தீன் கொப்பியைத் திறந்தார்,
பேனையை மூடினார்.
"ஒரு வரி. ரெண்டு பேரும் வந்தாத்தான் நேரம் போடலாம்."
என் வாயைப் பார்த்துச் சிரித்து
தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார்,
ரெண்டு சொட்டுத் தடவினால் விட்டுவிடுமாம்.

கையால் காட்டினேன்:
இருக்கட்டும்,
அவர் வரட்டும்.