புள்ளிக் கோடு

கூட்டம் பத்தரைக்கு.
கோட்டிங்கனில் மழை. சைக்கிள் நிறுத்துமிடத்தில்
என் இருக்கைக்கு மட்டும் உறை இல்லை.

திரையில் நான் வரைந்த கோடு.
இந்தக் காலாண்டு வரை கறுப்பு, அழுத்தமாக.
அப்புறம் புள்ளிகள்.
புள்ளிகள் எப்போதும் மேலேதான் போகும்.
கீழே இறங்கும் புள்ளிக் கோட்டைப்
பதினோரு ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

காலையில் தைவானிலிருந்து கோ ஷூஃபென் பேசினாள்.
ஏழு லேசர்கள்.
ரத்து இல்லை, தள்ளிவைப்புதான் என்றாள்.
புது ஆலைக்கு இன்னும் கூரை ஏறவில்லையாம்.
ரத்து இல்லை என்பதை மூன்று தடவை சொன்னாள்.
இரண்டோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன்.

நியான் விலை, நாணய மாற்று, ஏற்றுமதி உரிமம் என்று
நிதிப்பிரிவின் ஃபோல்கர்ட் அடுக்கினார்.
"ஆகவே, எச்சரிக்கையான நம்பிக்கை."
போன வருடமும் அவர்தான் இதைக் கொண்டுவந்தார்,
இப்போது துவைத்து மடித்து.

சோதனைக் கூடத்துக்கு இறங்கினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொள் என்றார் எக்கார்ட்.
கதிர் கண்ணுக்குத் தெரியாது;
அது போகும் வழியில் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார்.
வெள்ளை அட்டையில் நீலமாக ஒரு செவ்வகம் விழிக்கும்.
மூடிப்போன போட்டி நிறுவனத்தின் கார்டு.
யாரோ விற்பனை மேலாளர்,
பெயரில் பாதி பொசுங்கியிருந்தது.
"நல்ல தாள். இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது."

அடுத்த வருஷம் எப்படி என்று கேட்டேன்.
எண்ணிகளைக் காட்டினார்.
நாங்கள் விற்ற எந்திரங்கள், எந்த ஊரில் இருந்தாலும்,
தம் துடிப்புகளை எண்ணி இரவில் அனுப்பிவைக்கும்.
நொடிக்கு ஆறாயிரம்.
கோடி கோடியாய்த் துடித்தபின் குழாய் தேயும்.
தேய்ந்தால் புதுசு விற்போம்.
ஆலை நின்றால் குழாய் இளமையாகவே இருக்கும்;
அதைவிடக் கெட்ட செய்தி எங்களுக்கு இல்லை.

ஷூஃபெனின் பழைய ஆலை, மூன்றாம் எந்திரம்:
பிப்ரவரி முழுக்கத் தூங்கியது.
செவ்வாய் இரவிலிருந்து விடாமல் துடிக்கிறது.
அங்கே யாரோ இரவுப்பணியில்,
முகமூடியும் வெள்ளை அங்கியுமாக,
தன் கொட்டாவி ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி
ஒரு பட்டியலில் வரவாக ஏறுவது தெரியாமல்.

மேலே வந்து
ஏழு லேசர்களையும் எடுத்துவிட்டேன்.
சிறிய எழுத்தில் சேர்த்தேன்: குழாய்கள், நாற்பது.
புள்ளிகள் சற்றே தாழ்ந்தன.

ஃபோல்கர்ட் எட்டிப் பார்த்தார்.
"அச்சுப் பிழையா?"

இல்லை என்றேன்.
ஒரு தடவைதான் சொன்னேன்.