மதகுப் பதிவேடு

புரட்டாசி பதினெட்டு, ராத்திரி.
நேரம் 2.00. மூன்றாம் கண், நாலாம் கண்: இரண்டடி தூக்கப்பட்டது.
கீழே என் கையெழுத்து.
இது பொய்.

விடியலில் ஒரு கொக்கு
இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றாம் கண் ஷட்டரில்
ஆகாயத்தாமரையோடு ஒண்டிக் கிடந்தார் உத்திராபதி,
நெல் கொள்முதல் நிலையத்து பில் கிளார்க்.
சட்டைப்பையில் பேனா மூடி மட்டும்.
காலரில் கிரீஸ்.

அது தீர்த்தகிரியின் விரல்.
முந்தின சாயங்காலம் அத்தனை மூட்டைக்கு நடுவில்
அவன் அந்தக் காலரைப் பிடித்ததை ஊரே பார்த்தது.
ஏன் பிடித்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.
"ஆத்தூர் மிஷினுக்கு மதகு வீட்டுல என்னடா அறுவடை?"
சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார், காதோரமாக.

மூன்று குறுவையாக வருகிறான்.
இருட்டினால் வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு
கரையோரமாக நடந்து வருவான், டார்ச் அடிக்காமல்.
கழுத்தெல்லாம் வைக்கோல் சுணை.
தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன்.
சுணைக்கு அது கேட்காது என்று
இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்றைக்கு மழை. கோபம் தணியாமல் படுத்திருந்தான்.
பத்து மணிக்கு அடைத்த மதகை
இரண்டுக்குத் திறக்க வேண்டும், கீழ்மடைக்கு முறைத் தண்ணீர்.
அலாரம் அடித்தது. அணைத்தேன்.
அவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான், தலை என் தோளில்.
நாலரைக்கு, அவன் போனபின்,
இரண்டு மணி என்று எழுதினேன்.

ஸ்டேஷனில் கேட்டார்கள், ராத்திரி எங்கே இருந்தாய்?
மிஷினில் படுத்திருந்தேன் என்றான்.
மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மிஷின்.
கன்னம் வீங்கியிருந்தது.
என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார்.
ஆற்றங்கரையில் வளர்ந்தவராக இருக்க வேண்டும்.
"ரெண்டடி தூக்கின மதகுல வாழமட்டைகூட நிக்காதே பக்கிரிசாமி,
ஆள் எப்படிய்யா நின்னார்?"

சொன்னேன்.
திறக்கவில்லை. தூங்கவும் இல்லை. இவனோடு இருந்தேன்.
ரைட்டர் 'நண்பருடன்' என்று எழுதினார்.
அதை அடிங்க ஐயா, அது இல்லை என்றேன்.
தீர்த்தகிரி அப்போதுதான் நிமிர்ந்தான்.
அடி விழுந்தபோது இல்லாத பயம் முகத்தில்.

அம்மாவுக்கு எங்கள் மேல் அக்கறை இல்லை, தண்ணீர் மேல்தான்.
"அப்ப, திறந்திருக்கும்னு நம்பித்தான் போட்டிருக்கான்.
ரெண்டு மணின்னு யாருக்குத் தெரியும்?
யாராவது கேட்டாங்களா?"

கேட்டார்கள். ஒன்பதேகாலுக்கு ஒரு போன்.
'ராத்திரி ரெண்டுக்குத்தானே தம்பி? சரியாத் தூக்கிடு.'
பாசனச் சங்கத் தலைவர் சோமாஸ்கந்தன்.
அவர் வயல் மேல்மடையில்.
கீழ்மடைக்காரன் காய்ந்தானா நனைந்தானா என்று
ஒருநாளும் விசாரித்ததில்லை.

வியாபாரி நெல்லுக்கு
இல்லாத விவசாயிகள் பெயரில் போட்ட பில்லின் நகலெல்லாம்
உத்திராபதி வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தன.
மறுநாள் எடுத்தார்கள். மேலே இன்னும் சோறாக்காத அரிசி.

நான் சரியாகத் தூக்கியிருந்தால்
கோரையாறு அவரை முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோயிருக்கும்,
அலையாத்தி வேர்களுக்குள், நண்டுக்கு.
அவர் மனைவி வருஷக்கணக்கில்
ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.
எங்களைக் கேலி செய்த மனிதரை
நாங்கள்தான் பிடித்துவைத்திருந்தோம், தெரியாமல்.

துறையிலிருந்து மெமோ வந்திருக்கிறது.
'அன்று 2.00 மணிக்கு மதகைத் திறக்காததன் காரணம்:'
காரணத்துக்கு விட்டிருக்கும் இடம் ஒரே வரி.
பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே தீர்த்தகிரி மதகுச் சக்கரத்துக்குத்
தன் மிஷின் கிரீஸை வழித்துப் பூசுகிறான்.
"இனிமே யாரு வந்து சுத்தப்போறாங்களோ,
ரொம்ப இறுக்கமா இருக்குது" என்கிறான்.