ஏழாவது கலம்

வலங்கைமானுக்குத் தெற்கே
வயல் நடுவில் ஒரு துணை சுகாதார நிலையம்,
ஒரு மின்விசிறி, துருப்பிடித்த பீரோ, நான்.
பதிவேட்டில் ஏழாவது கலம்: சமூகம்.
எட்டாவது: கர்ப்பம் முடிந்த விதம்.
ஏழையும் எட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு
மாவட்டத்திலிருந்து வந்தவர் கேட்டார்:
"காலனியில் மட்டும் ஏன் இத்தனை கலைப்பு?
ஆற்றங்கரைத் தெருவில்
மூன்று வருடமாய் ஒன்றுகூட இல்லையே."

நல்ல மனிதர்.
நின்றுகொண்டே டீ குடித்தார்.

காலனியிலிருந்து நிரோஷா வருவாள்,
நடவில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு.
வியர்வையில் நனைந்த ஆதார் அட்டையை
மடி பிரித்து எடுப்பாள்.
"மூணாவது தாங்காதுக்கா."
எழுதிக்கொள்வேன்: பேர், வயசு, கதவு எண்,
சாதிக்கு இரண்டெழுத்து.

ஆற்றங்கரைத் தெரு
இருட்டோடு காரில் கும்பகோணம் போகும்.
கண்ணாடி ஏற்றியிருக்கும்.
மத்தியானம் திரும்பும்போது
பின்சீட்டில் ஒருத்தி கண்மூடிச் சாய்ந்திருப்பாள்.
முன்சீட்டில் மாமியார், மடியில் இரண்டு முழம் கதம்பம்,
கோயிலுக்குப் போய்வந்த மாதிரி.

"அவங்க பெருகிக்கிட்டே போறாங்க,
நாம சுருங்கிக்கிட்டே வர்றோம்"
என்று உரக்கடை வாசலில் சொல்கிற அதே வாய்தான்
"அழிக்கிறதுக்கும் அஞ்சமாட்டாளுங்க" என்றும் சொல்கிறது.
இரண்டுக்கும் நடுவில் வெற்றிலை துப்பிக்கொள்கிறது.

அந்தத் தெருப் பள்ளியில் இந்த வருடம் ஏழு பிள்ளைகள்.
ஆறு பையன்கள்.
பண்ணைவீட்டு ராஜகோபாலனுக்கு முப்பத்தெட்டு வயது.
இதே தெருவில் பிறக்காமல் போனவளை
தரகருக்குப் பணம் கட்டி
சேலத்துப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறான்.

அதிகாரி செல்போனில் படம் போட்டுக் காட்டினார்.
இரண்டு தூண்கள்.
ஒன்று சிவப்பாய் உயரம்.
பக்கத்தில் இருந்தது
தூண் இல்லை, தரையோடு தரையாய் ஒரு கோடு.
"விழிப்புணர்வுக் கூட்டம் போடணும்மா, காலனியில."

சரிங்க சார் என்றேன்.

பதினைந்து வருடம் முன்னால், ஐப்பசி.
அரசலாற்றுப் பாலம் தாண்டி ஒரு மாடி.
டோக்கன் நான்கு.
ஸ்கேன் பார்த்தவர் வாய் திறக்கவில்லை,
நெற்றியில் குங்குமம் இட்டுக்கொள்கிற மாதிரி
விரலை மட்டும் வைத்துக் காட்டினார்.
என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது.
படியிறங்கும்போது மழை.
ரசீது தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய ஜீப் மண்பாதை திரும்பும்வரை நின்றேன்.
உள்ளே வந்து
ஆற்றங்கரைத் தெருப் பக்கத்தைப் புரட்டினேன்.
என் பேர் அதில் இருக்கிறது,
கதவு எண் பதினெட்டு.
எட்டாவது கலத்தில்
என் கையெழுத்திலேயே
ஒரே ஒரு பிரசவம்.
ஆண், மூன்று கிலோ நூறு.

வெளியே நிரோஷா காத்திருந்தாள்,
காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.
பேனாவை உதறினேன்.
மை வரத் தாமதமானது.