பதினொரு பீச் பழங்கள்

பேருந்து நின்றதும் முதலில் உள்ளே ஏறுவது குளிர்.
பிறகு நான்.
பழம் உண்டா, விதை உண்டா,
மண் ஒட்டிய எதுவும் உண்டா?
இல்லை. இல்லை. நாற்பத்திரண்டு இல்லைகள்.

தீஸா குரைக்க மாட்டாள். அரசாங்க நாய்.
நீலப் பையின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்,
அவ்வளவுதான் அவள் அறிக்கை.

ஸ்வெட்டருக்குள் சுற்றிய பதினொரு பீச்.
மெண்டோசாவில் தம்பி வீட்டு மரம் என்றார்
ஓயார்சூன் என்ற மனிதர்.
அபராதம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
"இங்கேயே தின்றுவிடலாமா?"

சட்டத்தில் அதற்குத் தடையும் இல்லை, இடமும் இல்லை.
ஆண்டிஸின் உச்சியில், பனிக்குவியலுக்குப் பக்கத்தில்
ஐந்து பேர் நின்றுகொண்டே தின்றார்கள்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
எனக்கும் ஒன்றை நீட்டினார்கள்.
கடமையில் இருக்கிறேன் என்றேன்,
எச்சிலை விழுங்கிக்கொண்டு.

போன கோடையில் லிமாச்சேயில்
ஒரு சீமைமாதுளை மரத்துப் பொறியில்
ஒரே ஒரு ஈ ஒட்டியிருந்தது.
அரிசியைவிடச் சிறியது, இறக்கையில் பழுப்புக் கோலம்.
வரைபடத்தில் வட்டம் போட்டவள் நான்.
வட்டத்துக்குள் இருந்தது என் அக்காள் கணவரின் தோட்டம்.
பழுத்தது எதுவும் வாசல் தாண்டவில்லை.
நிபால்தோ குழி வெட்டிப் புதைத்தார்,
பழங்களை, பிறகு என்னோடு பேச்சையும்.
ஈயின் மேல் அவருக்குக் கோபம் இல்லை.
அதற்கு யார் சீருடை மாட்டிவிட்டார்கள்?

மஞ்சள் தொட்டியில் கொட்டைகளை எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் பத்து.
தீஸா கடைக்குட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

லவுத்தாரோவுக்கு ஆறு வயது இருக்கும்.
இடக்கன்னம் மட்டும் புடைத்திருந்தது.
புது வீட்டில் முற்றம் உண்டாம், அம்மா சொன்னாள்,
மரம்தான் இல்லையாம்.

கொட்டைக்குள் ஈ குடியிருக்காது. தெரியும்.
கண்ணுக்குத் தெரியாத வேறு சில
கொட்டைக்குள்ளேயே எல்லை தாண்டும். அதுவும் தெரியும்.
இதை ஆறு வயதுக்குச் சொல்ல
என் கையேட்டில் பக்கம் இல்லை.
உள்ளங்கையை நீட்டினேன்.
அவன் என்னைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்,
நாயை நம்பித் துப்பினான்.

கையுறைக்கு மேல் இன்னும் சூடாக இருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: பீச், பதினொன்று, அழிக்கப்பட்டது.
பத்து வயிற்றுக்குள் போனதை எழுதக் கட்டம் இல்லை,
ஒன்று பாதியில் கீழே விழுந்ததையும்.

மாலையில் எரியுலை மூட்டுவோம்.
அன்றன்று பிடிபட்டதெல்லாம் வேகும்போது
சுங்கச்சாவடி முழுக்க யார் வீட்டிலோ
ஜாம் காய்ச்சுவதுபோல் இருக்கும்.
வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு
வாசலுக்கு வருகிறேன்.

தீஸா என் முன்னால் வந்து
உட்கார்ந்துவிடுகிறாள்.